ஃப்ரீ லஞ்ச் பர்சென்டேஜ்

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் தோசைக்கு நீண்ட வரிசை. எனக்கு முன்னால் ஒரு தம்பதி. கணவர் விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு வீட்டைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வீடு வேண்டாம்மா. பக்கத்து ஸ்கூல்ல பாதிப் பசங்க ஃப்ரீ லஞ்ச் சாப்பிடறாங்க.”

“சாப்பிட்டா என்னங்க? நம்ம தட்டுலேர்ந்தா எடுக்கறாங்க?”

“உனக்குப் புரியல. வருமானம் கம்மியா இருக்கற வீட்டுப் பசங்களுக்குத்தான் இங்க ஃப்ரீ லஞ்ச். அந்த பர்சென்டேஜைப் பாத்தாலே ஏரியா எப்படின்னு தெரிஞ்சிடும். ஆபீஸ்ல எல்லாரும் அதை செக் பண்ணிட்டுதான் வீடு வாங்கறாங்க.”

“சரி, உங்க ஸ்கூல்ல மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

“சத்துணவுதான். மொத்த கிளாஸும் தட்டைத் தூக்கிட்டு ஓடும். முட்டை போடற அன்னிக்கு ஒருத்தனும் லீவு போட மாட்டான்.” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “சூப்பர் ஸ்கூல், தெரியுமா? அங்க படிச்சுட்டுதானே இன்னிக்கு இங்க நிக்கறேன்!”

வரிசை நகர்ந்தது. அந்தம்மா நகரவில்லை.

“நல்லவேளை, எங்கப்பா மாப்பிள்ளை பாக்கும்போது இந்த பர்சென்டேஜெல்லாம் பாக்கல.”