மாப்பிள்ளையைத் தட்டிப் பார்த்தது

எனக்கு ஐஸ்கிரீம் ஆகாது, பல் கூசும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஷாப்பிங் மாலின் இரண்டாவது மாடியில் வாழைக்காய் பஜ்ஜியோடு ஒரு தூண் மறைவில் உட்கார்ந்திருந்தேன். ஜமாஅத் பெரியவர்கள் நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நான்கு மேசை தள்ளி ஐஸ்கிரீம் கடையில் என் மகள் நாஜியாவும் யாசரும் இருந்தார்கள். துணைக்கு என் மனைவி சைதா. யாசர் யாங்கோனிலேயே க்யிம்யிண்டைங் பகுதியில் செல்போன் பழுது பார்ப்பவன். எல்லாம் பேசியாகிவிட்டது, என் சம்மதம் மட்டும் பாக்கி. நல்ல பையன். தொழுகிறான், வெற்றிலை போடமாட்டான். ஆனால் ஓர் ஆபத்து என்று வந்தால் என் மகளை விட்டுவிட்டு ஓடுவானா, மாட்டானா? இதை எந்தத் தரகரும் விசாரித்துச் சொல்லமாட்டார். நான் லத்தா பேட்டையில் முப்பது வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். தட்டிப் பார்க்காமல் ஒரு சட்டிகூட வாங்கியதில்லை.

பஜ்ஜிப் பையைக் காலி செய்து, ஊதி, கழுத்தைத் திருகி, உள்ளங்கையால் அடித்தேன். சத்தம் நினைத்ததைவிட நன்றாக வந்தது. பிறகு பர்மியில், ‘சுடுறாங்க, சுடுறாங்க’ என்று இரண்டே தடவை கத்தினேன். யாசர் காதில் விழும் அளவுக்குத்தான்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த இந்த நாலைந்து வருஷமாக யாங்கோனில் டயர் வெடித்தாலே ஆட்கள் மேசைக்கடியில் போய்விடுகிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பட்டாசு வேண்டாம் என்று காகிதப் பையோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்லாரும் ஓடினார்கள். மேலே ஏறி வருகிற எஸ்கலேட்டரில் கீழே இறங்கி ஓடினார்கள். காவலாளி தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நீரூற்றுக்குள் உட்கார்ந்துகொண்டார். ஒருவர் துணிக்கடைப் பொம்மையைத் தோளில் தூக்கிக்கொண்டு போக, அவர் மனைவி திட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். யாரும் சிரிக்க வேண்டாம். கீழே கண்ணாடிக் கதவு நொறுங்கிவிட்டது. இருபத்துமூன்று பேருக்குக் கட்டுப் போட்டார்கள். வாசலில் பூ விற்கிற டோ மியா அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இன்னும் எழுந்து நடக்கவில்லை என்கிறார்கள். வயதும் ஆகிவிட்டது, பாவம்.

யாசர் ஓடவில்லை. நாஜியாவைத் தரையில் படுக்க வைத்து மேலே கவிழ்ந்துகொண்டான். ஒரு கையால் சைதாவையும் இழுத்துக்கொண்டான்.

“தலையத் தூக்காதீங்க, மாமி. நான் இருக்கேன்” என்றான்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பையன் தேறிவிட்டான்.

அவனுடைய விலா எலும்பு இரண்டு முறிந்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை பேர் அலறிக்கொண்டு ஓடியபோது, நிஜமாகவே யாரோ சுடுகிறார்களோ என்று எனக்கும் தோன்றிவிட்டது. படிக்கட்டுக்குப் போகிற வழியில் அவன் குறுக்கே கிடந்தான். சுற்றிப் போக நேரமில்லை. மிதித்தது நான்தான்.

“ஏங்க, எங்க போறீங்க? பிள்ள இங்க கிடக்கு” என்று சைதா கூப்பிட்டது காதில் விழுந்தது. தெருவுக்கு வந்த பிறகுதான் நின்றேன். கையில் கிழிந்த பை அப்படியே இருந்தது. பின்னால் வந்த நாஜியா அதைத்தான் பார்த்துவிட்டாள்.

மறுநாளே மருத்துவமனைக்குப் போய் என் சம்மதத்தை யாசரிடம் சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வலி இருக்கும். நாஜியா என்னோடு பேசி ஒரு மாதமாகிறது. கல்யாணப் பெண் இல்லையா, வெட்கம்.