உறை போட்ட கொடி

ஈக்காட்டுத்தாங்கலில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்த பெரியவரின் மடியில், முழ நீளத்தில் பளபளவென்று இரண்டு கம்பிகள்.

"இன்னா நைனா இது?" என்றார் கூட வந்த நண்பர்.

"கொடிக் கம்பி. ஆசைக்கு வாங்கினேனே பழைய பாரின் காரு, அதுக்கு முன்னால மாட்டப்போறேன். தூதரக வண்டி மாதிரி."

"எந்த நாட்டுக் கொடி?"

"எம் பொண்ணோட மஞ்சப் பாவாடை, வெட்டித் தச்சி வச்சிக்கீறேன். நான் தூதரகத்துல டிரைவரா இருந்தப்ப, ஒருநாள் மழையில அவள அந்த வண்டியில ஸ்கூலுக்கு இட்டுகினு போனேன். தூதர் தொர உள்ள இருந்தாத்தான் கொடி தெரியணும். இல்லன்னா உறை போட்டு மூடிடணும். 'நான்தான் இருக்கேனே, உறையக் கழட்டுப்பா'ன்னு வழியெல்லாம் அழுகை. நான் கழட்டல."

"இப்ப உன் சொந்த வண்டிதானே, உறையே வேணாம்."

"அவ கனடாவுல கீறா. எட்டு வருசமாச்சு."

"அதுக்கின்னா? கொடியப் பறக்கவுட்டு அடையாறு வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம். போட்டோ எடுத்து அனுப்பு."

பெரியவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு துணி உறைகளை எடுத்து, கம்பிகளில் மாட்டி அளவு பார்த்தார்.

"போலாம், உறையோட. அவ வந்து ஏறட்டும், அப்பால கழட்டறேன்."