குழல் முனை தாழவில்லை

காபி ஆறிவிட்டது. பரவாயில்லை, ஆபீசரம்மா, குடித்துவிடுகிறேன். வீட்டில் காபி போடுவது நான்தான். நோரீன் கண் விழிக்கும்போது தலைமாட்டில் ஒரு குவளை இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு காலைகூடத் தவறியதில்லை. என்னைப் பற்றி யாராவது தாறுமாறாகப் பேசினால் இதையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள்.

நான் வந்தது ஒரு திருத்தம் சொல்ல. உங்கள் போலீஸ் ரிப்போர்ட்டில் என் மனைவி கரடி அடித்துச் செத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. ஐந்து முறை சுட்டாள், ஐந்தும் குறி தவறிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. ஊரே இப்போது அதைத்தான் பேசுகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

நோரீன் நெப்ராஸ்காவில் சோளக்காட்டு நடுவே வளர்ந்தவள். இங்கே அலாஸ்காவுக்கு வந்த புதிதில், கரடி குப்பைத்தொட்டியை உருட்டுகிற சத்தம் கேட்டாலே என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு அது பிடிக்கும். பொய் சொல்வானேன், ரொம்பவே பிடிக்கும்.

ஆனாலும் இந்த ஊரில் இடுப்பில் ஒன்று இல்லாமல் ஓடைக்குப் போக முடியுமா? அவளுக்கென்று ஒரு ரிவால்வர் வாங்கினேன். பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும். ஆனால் உள்ளே போவது நாற்பத்து நாலு மேக்னம் தோட்டா, ஐந்து. கனமான துப்பாக்கியில் அந்தத் தோட்டாவைத் தாங்கிக்கொள்ளலாம். இவ்வளவு லேசானதில் கழுதை உதைக்கிற மாதிரி உதைக்கும். கடைக்காரனே சொன்னான்: "வென்டெல், இதை வாங்குற ஆம்பளைங்களே ரெண்டு தடவை சுட்டுட்டு டிராயர்ல போட்டுடறாங்கப்பா. பொண்டாட்டிக்கா வாங்குற?" அதைக் கேட்ட பிறகுதான் பணத்தை எடுத்தேன். கற்றுக்கொள்வதென்றால் கஷ்டமானதிலேயே கற்றுக்கொள்ளட்டும்.

ஊருக்கு வெளியே ஜல்லி வெட்டிய பள்ளம் இருக்கிறதே, அங்கே கூட்டிப்போனேன். டீசல் பங்க் ஆர்லோவும் இன்னும் நாலைந்து பேரும் பீரோடு வந்திருந்தார்கள். புதிதாகச் சுடுகிறவர்களைப் பார்க்க யாராவது வருவார்கள், அது இங்கே வழக்கம். முதல் தடவை சுட்டபோது துப்பாக்கி எகிறி அவள் நெற்றியிலேயே அடித்தது. இரண்டு தையல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். சொல்லியிருந்தால் மறந்திருப்பாள். தழும்பு மறக்காது.

அதற்குப் பிறகு அவளுக்குக் கை பதற ஆரம்பித்தது. வெடிக்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். விசையை இழுப்பதற்கு முன்னாலேயே மணிக்கட்டு குனிந்து, குழல் முனை தாழ்ந்து, குண்டு மண்ணில் போகும். அதற்கு மருந்து ஒன்றுதான். ஒருவர் மற்றவருக்கு நிரப்பிக் கொடுப்பது. தோட்டா உருளையில் சில அறையில் நிஜத் தோட்டா, சில அறையில் ஏற்கனவே வெடித்த வெறும் ஓடு. எது எங்கே என்று நிரப்பியவருக்கு மட்டும்தான் தெரியும். வெறும் ஓட்டின்மேல் சுத்தியல் விழுந்தால் 'கிளிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் முனை குனிந்தால் உங்கள் பயம் ஊருக்கே தெரிந்துவிடும்.

மற்ற இடங்களில் துப்பாக்கியை யார் கொடுத்தாலும் திறந்து பார்த்துத்தான் வாங்கவேண்டும். எங்கள் பள்ளத்தில் மட்டும் திறந்து பார்க்கக்கூடாது. பார்த்தால் ஏமாற்றுக்காரன். நிரப்பியவர், "எப்பவும்போல" என்று சொல்லி நீட்டுவார். வாங்கிக்கொண்டு சுடவேண்டும்.

இரண்டு கோடைக்காலம் நான் நிரப்பினேன், அவள் சுட்டாள். கிளிக் கேட்டால் நிற்காதே, யோசிக்காதே, அடுத்ததை இழு என்று பழக்கினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தால் டேப் சுற்றிவிட்டு மறுபடி கொடுப்பேன். ஒரு நாள் அழுதுகொண்டே, "போதும் வாத்தியாரே, கை விட்டுப்போச்சு" என்றாள். முனை குனியாமல் ஒரு கிளிக் காட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றேன். இருட்டுகிறவரை காட்டவில்லை. கோடையில் இங்கே இருட்ட நடுராத்திரி ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் தேறினாள். அதை நான் மறைக்கவில்லை. எந்த வரிசையில் போட்டுக் கொடுத்தாலும் அவள் குழல் கல்லில் நட்டது மாதிரி நிற்கும். பெர்ரி பறிக்கத் தனியாகப் போக ஆரம்பித்தாள். குப்பைத்தொட்டி உருண்டால் கதவைத் திறந்து, "போடா அந்தப் பக்கம்" என்று கரடியை அதட்டுவாள். என் சட்டையை யாரும் பிடிப்பதில்லை.

இந்த ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்துக்குப் பள்ளத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். சால்மன் மீனைத் தணலில் வாட்டினோம், குழந்தைகள் பட்டாசு விட்டன. நோரீன் தன் துப்பாக்கியை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நிரப்பி, என்னிடம் நீட்டினாள்.

"இந்தா வாத்தியாரே. எப்பவும்போல."

வேறொருவர் நிரப்பிக் கொடுத்து நான் சுட்டு வருஷக்கணக்காகிறது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது கிளிக். என் கையில் இருந்த துப்பாக்கி தரையைப் பார்த்துக் குனிந்து நின்றது. கொஞ்சநஞ்சம் இல்லை, என் பூட்ஸைப் பார்த்து நின்றது.

"என்னடா வென்டெல், கீழ எலி ஏதாவது ஓடுதா?" என்றான் ஆர்லோ. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நோரீனும் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் கழுத்தைக் கட்டி முத்தம் கொடுத்து, "பரவால்ல விடு. டேப் சுத்தி விடட்டுமா?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் சிரித்தார்கள். மிச்சம் இருந்த இரண்டையும் சுட்டு முடித்தேன்.

அன்றிலிருந்து நான் இந்த ஊருக்கு 'குனிஞ்சான்' ஆகிவிட்டேன். டீசல் போடப் போனால், குனிஞ்சான் வந்துட்டான் என்பார்கள். இருபது வருஷமாகப் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறேன், எஞ்சினைப் பார்க்கக் குனிந்தாலும் சிரிப்பார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. நோரீனிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. காலையில் காபி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த மூன்றாவது ஓடும், அன்று நான் சுட்ட மற்ற நாலும் என் ஜாக்கெட் பையில்தான் கிடந்தன. ஆகஸ்டில் அவள் ஓடைக்குப் பெர்ரி பறிக்கப் போகலாம் என்றாள். சால்மன் மேலேறுகிற நேரம், கரடிகளெல்லாம் அங்கேதான் இருக்கும். நான் ஆணியிலிருந்து அவள் துப்பாக்கியை உறையோடு எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நிரப்பிட்டியா?"

"எப்பவும்போல," என்றேன்.

இதில் நான் பொய் சொன்னதாக எழுதாதீர்கள். இந்த வார்த்தைக்கு எங்களுக்குள் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவள் கையில் தூக்கிப் பார்த்து, "லேசா இருக்கே" என்றாள். குண்டு இல்லாத ஓடுகள் கனக்காது. உன் கை தேறிவிட்டது என்றேன். கட்டைவிரலை உருளையைத் திறக்கும் பொத்தானில் வைத்தாள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து விரலை எடுத்துவிட்டாள்.

"திறந்து பாத்தா நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவ. வேண்டாம்ப்பா," என்றாள்.

திறந்து பார்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நானும் சிரித்திருப்பேன்.

ஓடையில் நான் இந்தக் கரையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தேன். என் பெரிய துப்பாக்கி, கரடிக்கென்று வைத்திருப்பது, நிரப்பி, கைக்கெட்டும் தூரத்தில் சாய்த்திருந்தது. அவள் அந்தக் கரையில் புதர்களுக்கிடையே. குட்டியோடு தாய்க்கரடி அவளுக்குப் பின்னால் வெளியே வந்தது. ஒரு கரடி வரும், அவள் இழுப்பாள், கிளிக் என்னும், முனை குனியும், அந்த நொடியே நான் சுட்டுவிடுவேன். இவ்வளவுதான் என் எண்ணம். வீட்டுக்குப் போகிற வழியில் அதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஊருக்கும் சொல்லலாம்.

அவள் கத்தவில்லை. திரும்பி, காலை அகற்றி வைத்து, இரண்டு கையாலும் பிடித்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே. கரடி ஓடி வந்தது. கிளிக். நான் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் கையைப் பார்த்தேன். முனை அசையவில்லை. யோசிக்காமல் அடுத்ததை இழுத்தாள். கிளிக். அசையவில்லை. இதில் குனிந்துவிடும் என்று பார்த்தேன், அடுத்ததில் குனிந்துவிடும் என்று பார்த்தேன். ஐந்தாவதை இழுக்கும்போது கரடி அவள்மேல் இருந்தது. கடைசியில்தான் ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். அப்போதும் கை நேராகத்தான் இருந்தது.

பிறகு கரடியைச் சுட்டேன். நீங்கள் வந்து உருளையைத் திறந்து, வெடித்த ஓடு ஐந்தைப் பார்த்து, பாவம், எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்திருக்கிறாள் என்றீர்கள். நான் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை.

அப்படியே இருந்திருப்பேன். அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சில் சாப்பாடு போட்டார்கள். ஆர்லோ தட்டோடு நின்று பக்கத்து ஆளிடம் சொல்கிறான்: "அவ்வளவு கிட்டத்துல அஞ்சும் போச்சுன்னா எல்லாம் மண்ணுலதான் போயிருக்கும். பாவம், யார்கிட்ட கத்துக்கிட்டா பாரு. குனிஞ்சான் கிட்ட."

இரண்டு கோடைக்கால உழைப்பு, ஆபீசரம்மா. அதை இப்படிப் பேச விடலாமா?

அந்த ஓடுகள் உங்கள் அலமாரியில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இரண்டு இருக்கும், ஒன்றை ஒட்டி ஒன்று; முன்பே வெடித்திருந்த அந்த மூன்றாவதில் மட்டும் மூன்று. ஒன்று ஜூலையில் நான் இழுத்தபோது விழுந்தது. மற்றது அன்று அவள் இழுத்தது. அவளிடம் ஒரு தோட்டாகூட இல்லை, நான்தான் வைக்கவில்லை. என்னை என்ன செய்யவேண்டுமோ செய்யுங்கள், ஆனால் இதைத் திருத்தி எழுதி ஆர்லோவுக்கும் படித்துக் காட்டுங்கள். ஐந்து கிளிக்குக்கும் அவள் முனை ஒரு நூல்கூடத் தாழவில்லை. ஒரே ஒரு தடவை தாழ்ந்திருந்தால் போதும், நான் சுட்டிருப்பேன். அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.