இடது பக்கப் பொத்தான்

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள், மண்ணூர்பேட்டைக்குப் பின்பக்கமாகப் போகும் ஒரு தெரு.

வார நாளில் அங்கே லாரிக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நுழையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் அரவமே இருக்காது. நாய்கூட இருக்காது. டீக்கடை மூடியிருந்தால் நாய்க்கு அங்கே என்ன வேலை? இரண்டு பக்கமும் உயரமான சுவர். பூட்டிய கேட்டுகள். எங்கோ ஒரு தகரம் காற்றில் அடித்துக்கொள்ளும்... நிற்கும்... மறுபடி அடித்துக்கொள்ளும்.

கரண்ட் வரும்வரை இந்த மொட்டை மாடியில் உட்கார்ந்து கேளுங்கள். அந்த டார்ச்சை அணைத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள்.

இது என் நண்பன் இளங்கோவின் மாமனாருக்கு நடந்தது. இளங்கோவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது சிவக்கவில்லை.

மாமனார் பெயர் தமிழரசு. மகள் ரோஷினி, மருமகன் இளங்கோவோடு பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறார். வேலைக்காலம் முழுவதும் அந்த எஸ்டேட் தெருவில்தான் கழிந்தது. இரும்புத் தகட்டை பிரஸ் மெஷினில் வைத்து வெட்டி, வண்டிகளுக்குப் பாகம் செய்து கொடுத்த ஒரு கம்பெனி. அதில் ஷிஃப்ட் இன்சார்ஜ்.

கம்பெனி மூடிப் பல காலம் ஆயிற்று. பிறகு யாரோ வாங்கினார்கள். கூரையைச் செப்பனிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, நவீன கலைக்கான அருங்காட்சியகமாக மாற்றிவிட்டார்கள். மேலே கிரேன் ஓடிய தண்டவாளம் அப்படியே இருக்கிறது. தரையில் எண்ணெய்க் கறையும் அப்படியே இருக்கிறது. அதன்மேல் பளபளவென்று எதையோ பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு பெரிய பிரஸ் மெஷினை மட்டும் அவர்களால் பெயர்க்க முடியவில்லை. ஆளுயரக் குழியில் கான்கிரீட் போட்டு நிறுத்தியது. மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்டு, உடம்பை விட்டுவிட்டார்கள்.

அங்கே நடந்த கண்காட்சி ஒன்றையும் தமிழரசு விடவில்லை. கண்ணாடித் துண்டுகளைத் தொங்கவிட்டது, பழைய புடவைகளை மலைபோலக் குவித்தது, இருட்டறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது... எல்லாவற்றுக்கும் போனார். "இந்த வயசுல அப்பாவுக்கு ஆர்ட் பைத்தியம்" என்று ரோஷினி ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டாள்.

உண்மை வேறு. அவர் எதையும் பார்க்கவில்லை. அந்த மெஷினை எப்படி மறைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பார். ஒரு தடவை வெள்ளைத் துணி. ஒரு தடவை பிளைவுட் தடுப்பு. மறைந்திருப்பது தெரிந்ததும் மூச்சு விடுவார். கேன்டீனில் ஒரு காபி. அதோடு வீடு.

அந்த மெஷினுக்கு முன்பக்கம் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. உள்ளங்கை அளவு இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. அதற்காக வைத்த ஏற்பாடு. ஆனால் அவசர ஆர்டர் வந்தால் பல பட்டறைகளில் ஒரு காரியம் செய்வார்கள். இடது பொத்தானை அழுத்தியபடியே சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இடது கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே வலது கையால் ஓட்டலாம். வேலை பறக்கும்.

அப்படி ஒரு அவசரம் வந்தது. மெஷினில் இருந்தவன் துலுக்கானம். அவன் மறுத்தான்.

"வேணாம் சார். ரெண்டு கைக்கும் வேல குட்தாதான் ரெண்டும் மிஞ்சும் சார்."

தமிழரசு சிரித்தார். "பெரிய தத்துவம்! தள்ளு" என்றார். தன் கையாலேயே வாரை இழுத்துக் கட்டினார். அவர் போடும் முடிச்சு தனி. இரண்டு சுற்று, நடுவில் ஒரு கொக்கி, நுனியை உள்ளே செருகிவிடுவார். இழுக்க இழுக்க இறுகும்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள்... துலுக்கானத்தின் இடது கை போய்விட்டது.

விசாரணையில் தமிழரசு ஒரே ஒரு வரிதான் சொன்னார். "அவனே கட்டிக்கிட்டான்." துலுக்கானத்துக்கு வேலை போயிற்று. கொஞ்ச காலம் இருந்தான். அப்புறம் ஒரு விடியற்காலை, ஆவடி லைனில், ரயில்...

அதற்குமேல் வேண்டாம்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இந்தத் தடவை கண்காட்சியே அந்தக் கம்பெனியைப் பற்றியதுதான். சில வாரங்களுக்கு முன்பு அருங்காட்சியகத்திலிருந்து ஆட்கள் வீட்டுக்கே வந்து, பழைய ஊழியர் என்று தமிழரசுவின் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போயிருந்தார்கள். விபத்து ஏதாவது நடந்ததா என்று கேட்டார்கள். ரோஷினி காபித் தட்டோடு பக்கத்தில் நின்றாள். அவர் பழைய வரியையே சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "சொன்னா கேக்க மாட்டான் அவன்" என்று யாரும் கேட்காத இன்னொரு வரியையும் சேர்த்துவிட்டார். அன்று இரவு சோறு இறங்கவில்லை. இரண்டாவது வரிதான் தொண்டையில் நின்றது.

தமிழரசு, ரோஷினி, இளங்கோ மூன்று பேரும் உள்ளே போனார்கள். துணியும் இல்லை, தடுப்பும் இல்லை. கூடத்தின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், மெஷின். புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்த இரண்டு பொத்தான்கள். சுற்றிலும் ஒரு சின்னக் கூட்டம். காவலுக்கு நின்ற ராணி எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"போன உள்ள வெய்யி தம்பி. ரெண்டு கையும் வெச்சாதான் வேல செய்யும். ஒத்தக் கையில அமுக்கினு செல்ஃபி எடுத்தா ஒண்ணியும் வராது. காலைலேர்ந்து கத்திகினே கீறேன்."

ஒரு பெண் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள்.

தட்.

பதிவு செய்த சத்தம்தான். ஆனால் தரை அதிர்ந்தது. உடனே மேலே இருந்த ஸ்பீக்கரில் ஒரு குரல். "அவனே கட்டிக்கிட்டான். சொன்னா கேக்க மாட்டான் அவன்."

"அப்பா! உங்க குரல்ப்பா!" ரோஷினி கைதட்டினாள்.

அடுத்த ஆள் வைத்தான். தட். அவனே கட்டிக்கிட்டான். இன்னொரு ஆள். தட். அவனே கட்டிக்கிட்டான்... தமிழரசு வாசல் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. கையில் மஞ்சள் பை. அவர் கண்டுகொண்டார்.

பொன்னியம்மா. துலுக்கானத்தின் மனைவி.

பழைய ஊழியர்களின் குடும்பங்களையும் அழைத்திருக்கிறார்கள். அவள் நேராக அவரிடம் வந்தாள்.

"தமிழரசு சார்தானே? கொரல வெச்சே கண்டுபுட்ச்சேன். நல்லா கீறீங்களா சார்?"

"இருக்கேன்மா."

"இது பொண்ணா? லட்சணமா கீது." ரோஷினியின் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். உள்ளே சைக்கிள் டியூப் வார். காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் முடிச்சு குலையவில்லை. அன்றைக்குப் பூசணிக்காய் உடைத்து மெஷினைத் திரும்ப ஓட்டுவதற்கு முன்னால், கூட வேலை செய்த ஒருவர் அறுத்தெடுத்து அவளிடம் கொடுத்தாராம்.

"சார், உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க ஊட்டுக்காருக்கு ஒரு மூட்டையக்கூட ஒழுங்கா கட்டத் தெரியாது. எல்லாம் நாந்தான் கட்டுவேன். இத்தினி நேக்கா இந்த முடிச்சு... அவரு போட்டத நீங்க கண்ணால பாத்தீங்களா சார்?"

ரோஷினி குனிந்து முடிச்சைப் பார்த்தாள். இரண்டு சுற்று. நடுவில் ஒரு கொக்கி. நுனி உள்ளே. வீட்டில் பழைய பேப்பர் கட்டு அந்த முடிச்சில்தான் இருக்கும். அவள் ஹாஸ்டலுக்குப் போனபோது பெட்டியில் இருந்த முடிச்சும் அதுதான். மெதுவாக நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

இளங்கோ சொன்னான்: அந்த ஒரு நொடியில் அவர் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவருடைய உதடுகூட அசைந்ததாம்.

"பாத்தேன்மா" என்றார். "அவன்தான் கட்டினான்."

பொன்னியம்மா தலையை ஆட்டினாள். "செரி சார்." வாரை இடது கையில் பிடித்தபடி மெஷினிடம் போனாள். வலது உள்ளங்கையை வலது பொத்தானில் வைத்தாள்.

"ஆயா, ரெண்டு கையும் வெக்கணும்" என்றாள் ராணி. "ஒத்தக் கையில வேல செய்..."

இடது பொத்தான் உள்ளே இறங்கியது.

யாரும் தொடவில்லை. பச்சைப் பொத்தான், மெதுவாக, ஒரு கை அழுத்துவதுபோல... முழுக்க இறங்கியது.

தட்.

இந்தத் தடவை தரை மட்டும் அதிரவில்லை. மேலே கிரேன் தண்டவாளத்திலிருந்து துரு உதிர்ந்தது. சூடான எண்ணெய் வாசனை. அதோடு ரப்பர் கருகும் வாசனை. ஸ்பீக்கர் கரகரத்தது. "அவனே கட்..." என்று தமிழரசுவின் குரல் ஆரம்பித்து, யாரோ வாயைப் பொத்தியதுபோல நின்றது. பிறகு இன்னொரு குரல். தணிந்த குரல். கெஞ்சவும் இல்லை, கோபமும் இல்லை.

"...ரெண்டும் மிஞ்சும் சார்."

பொன்னியம்மா கையை எடுத்தாள். வலது பொத்தான் உடனே எழும்பியது. இடது பொத்தான் எழும்பவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நிறைய நேரம் கழித்து, மனசில்லாமல், மெல்ல எழும்பியது.

"யாருப்பா அது பேசினது?" என்று கேட்டாள் ரோஷினி. அவர் வாசலைப் பார்த்து நடந்தார். கை போன அன்றைக்குத் துலுக்கானம் சொன்ன அந்த வார்த்தையைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

காரில் ஏறினார்கள். எஸ்டேட்டைத் தாண்டியதும் ரோஷினி சொன்னாள்: "அப்பா, அவங்க வீடு மண்ணூர்பேட்டைலதான். விலாசம் வாங்கிட்டேன். வண்டியத் திருப்பச் சொல்லட்டுமா?"

தமிழரசு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நாளைக்குப் பாத்துக்கலாம்மா."

"இவ்ளோ நாளும் நாளைக்குதானாப்பா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை ரோஷினி காபியோடு அப்பாவின் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ் விலகும் சத்தம் கேட்க வெகு நேரம் ஆயிற்று. கதவைத் திறந்தவர் அப்படியே கட்டிலில் போய் உட்கார்ந்தார். இடது கையை மடியில் கிடத்தினார். கை வீங்கி நீலம் பாரித்திருந்தது. மணிக்கட்டில், கறுப்பாக, இரண்டு சுற்று.

சைக்கிள் டியூப் வார். காய்ந்ததல்ல. புத்தம் புதியது. அறை முழுக்க ரப்பர் வாசனை.

ஐந்தாவது மாடி. அந்த வீட்டில் யாரிடமும் சைக்கிள் கிடையாது.

இளங்கோ கத்தரியால் வெட்டினான். முடிச்சில் கைவைக்கப் பயந்து, பக்கத்தில் வெட்டினான். இரண்டு சுற்று. நடுவில் ஒரு கொக்கி. நுனி மட்டும் உள்ளே செருகாமல் நீட்டிக்கொண்டிருந்தது. கையில் மறுபடி ரத்தம் ஓட ஆரம்பித்ததும் தமிழரசு சொன்ன முதல் வார்த்தை, "வண்டிய எடுங்க மாப்ள."

மண்ணூர்பேட்டையில் ஓர் ஒற்றை அறை வீடு. பொன்னியம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தமிழரசு வாசற்படி ஏறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலிலேயே நின்றார்.

"நான்தான்மா கட்டினேன். அவன் வேணாம்னான்."

அவள் அழவில்லை. சபிக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நேற்று வரை சார் என்று கூப்பிட்டவள்.

"இத அந்த ஸ்பீக்கர்லயும் சொல்வியா? ஊரே கேக்கற மாரி?"

"சொல்றேன்மா."

"சொல்லு."

அப்போதுதான் இளங்கோவின் கையில் இருந்த வாரைப் பார்த்தாள். வாங்கினாள். முடிச்சை அவள் பார்க்கவே இல்லை. நீட்டிக்கொண்டிருந்த நுனியைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே நாலு பள்ளம். கீழே நாலு பள்ளம். பல் பதிந்த தடம். அதை விரலால் தடவினாள்.

"கை போனதுக்கப்புறம் எல்லாத்தையும் இப்டித்தான் கட்டுவாரு" என்றாள். "ஒரு மொனைய பல்லுல கடிச்சுக்கினு."

விரலை எடுத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.