இரண்டு விசிறிக்கு அரைக்கிலோ மிளகாய்

விஞ்ஞானம் வளர வேண்டுமானால் யாராவது எதையாவது தியாகம் செய்தே ஆகவேண்டும். நான் செய்தது அரைக்கிலோ செத்தல் மிளகாய்.

மண்டபக் குழுவினர் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். நிதானமாகவே எழுதுகிறேன். குறிஞ்சிப்பிட்டியில் என்னை ‘டர்பைன் தாஹிர்’ என்பார்கள். கத்தாரில் ஒரு மின் நிலையத்தில் பத்தொன்பது வருடம் இருந்தவன். கரையில் காற்றாலை சுற்றாமல் நின்றாலும், யார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் முனகினாலும் என்னிடம்தான் வருவார்கள். “அது உங்களுக்கு விளங்காது” என்பேன். ஊர் திரும்பிய எட்டு வருடத்தில் அந்தப் பதில் ஒருநாளும் பழுதானதில்லை.

பிறகு என் தங்கை மகள் ஷஃபீனா டர்பைன் படித்துப் பட்டத்தோடு வந்தாள். டர்பைனுக்குள் சுழலும் இறக்கை வரிசைகள் ஒன்றின் காற்றை மற்றொன்று எப்படிக் குழப்புகின்றன என்று மண்டபத்தில் ஊராருக்குக் காட்டப்போகிறாளாம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசிறி, முன்னால் ஒரு சட்டி சாம்பிராணி. புகை போகும் வழியில் காற்றின் போக்குத் தெரியும். அதுவரை எனக்கு ஆட்சேபனை இல்லை.

“பேச்சு முடிய நீங்க பத்து நிமிசம் சொல்லணும் மாமா,” என்றாள். “இந்த ஊர்ல மின் நிலையத்து டர்பைனக் கண்ணால கண்டவர் நீங்க மட்டுந்தானே.”

பத்து நிமிடம் நீண்ட நேரம்.

ஆகவே சாம்பிராணிக்கு அடியில் மிளகாயைப் பரப்பினேன். கச்சான் காற்று பரிசோதனையைக் கெடுக்கக்கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தினேன். கதவையும்தான். பூட்டியது வெளியிலிருந்து. அவதானிப்பவன் சற்றுத் தள்ளி, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நிற்பதுதான் முறை.

முதலில் முன்வரிசைக் கதிரைகள் இருமின. அந்த இருமல் பின்வரிசைக்குப் போய்ச் சேருமுன் முன்வரிசை அடுத்ததை அனுப்பியது. தலைவர் தனக்குப் போர்த்திய பொன்னாடையால் மூக்கைப் பொத்தினார். பிறகு அதே பொன்னாடையால் செயலாளரும். ஷஃபீனா மட்டும் நிறுத்தவில்லை.

“புகையப் பாருங்க. முன் இறக்கை ஒவ்வொண்டும் கலங்கின காத்தப் பின்னால விட்டுட்டுப் போவுது. பின் இறக்கை அதுல மோதி மோதி நடுங்குது. இருமுறத பொறகு இருமலாம்.”

எல்லாருக்கும் விளங்கிவிட்டது. எனக்கு மனவருத்தம் அதில்தான்.

கதவு உடைந்ததும் அவள் என்னைத்தான் தேடி வந்தாள். “இண்டைக்கு ஏலாமப் போச்சு மாமா. உங்கட பேச்ச வெள்ளிக்கிழமை வெச்சிக்குவம்.”

இன்று வியாழன். அதனால்தான் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: மிளகாய் கொஞ்சம் கூடியிருந்தால் ஆஸ்பத்திரியில் முடிந்திருக்குமே, நூற்றைம்பது பேருக்கு அளவு யார் சொல்லித் தந்தது என்று. சற்றுப் புண்பட்டேன். மின் நிலையச் சமையலறையில் பத்தொன்பது வருடம் நானூறு பேருக்குக் குழம்பு வைத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது.

அங்கிருந்த டர்பைனை நான் கண்டதில்லை.