முகம் காட்டுவோம்

மூக்குக்கண்ணாடி போட்டவர்களைப் படம் எடுப்பது கொஞ்சம் சிரமம், இன்ஸ்பெக்டர் மேடம். விளக்கு கண்ணாடியில் விழுந்து கண்ணை மறைத்துவிடும். முகவாயைச் சற்றே தாழ்த்தச் சொன்னால் சரியாகிவிடும். இப்போது எனக்கு உங்கள் கண் தெரியவில்லை. அந்த மேசை விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பேச வசதியாக இருக்கும். நன்றி.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நான் படம் எடுப்பவன். நான் செய்தது அதைத்தான். மற்றதெல்லாம் மற்றவர்கள் செய்தது.

எங்கள் வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. பின்னறையில் அக்கா குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் அழைத்துப் போவார்கள். நடுவில் ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்பு, அதில் ஒரு கதவு. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். என் முதல் கேமராவை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துத் துடைத்தே அவளுக்கு வயதாகிவிட்டது.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. தண்ணீர் வரவில்லை, நாய் காணவில்லை, நல்ல பிளம்பர் யாராவது தெரியுமா என்று கேட்பார்கள். யாருடைய முகமும் அதில் இருக்காது. புலி, ரோஜாப்பூ, சிவப்புக் கார், யாரோ ஒரு குழந்தை என்று ஏதாவது ஒரு படத்துக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்கள். ஒரு நாள் அதில் 'நலம்விரும்பி' என்ற பெயரில் ஒருவர் அக்காவைப் பற்றி நாலு வரி எழுதினார். அங்கே குழந்தைகளைச் சரியாக நடத்தவில்லை, பெற்றோர் கவனிக்கவும் என்று. வீட்டு அடையாளமும் சொல்லியிருந்தார்.

நாலு வரிதான். அதற்குக் கீழே வந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். 'இவளையெல்லாம் நடுத்தெருவில் நிறுத்தணும்' என்று எழுதியது புலி. 'பெத்திருந்தா தெரியும்' என்று எழுதியது ரோஜாப்பூ. சிவப்புக் கார் ஒன்றும் எழுதவில்லை, சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தது. அந்த வாரமே குழந்தைகள் வருவது நின்றுபோனது. யாரோ வாசலில் குப்பையைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அக்கா அதை வாரி எடுத்துவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு அவள் வாசலுக்கு வரவே இல்லை. பின்னறையில் உட்கார்ந்து சின்னச் சின்னத் துண்டுகளை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மேடம். கை ரொம்பச் சுத்தமாக வேலை செய்யும்.

சில மாதம் கழித்து அதே குழுவில் நான் எழுதினேன். 'நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஸ்டூடியோவுக்கு வாருங்கள், இலவசமாகப் படம் எடுத்துத் தருகிறேன், வாரம் ஒரு முகத்தை இங்கே போடுவோம்' என்று. அதற்கு 'முகம் காட்டுவோம்' என்று பெயர் வைத்தேன். இதயங்களாகக் கொட்டினார்கள். அக்காவின் வாசலில் குப்பை கொட்டிய ஆட்கள் அதே வாசல் வழியாகத் தலைசீவிக்கொண்டு வந்தார்கள்.

புலி ஒரு ஒல்லிப்பிச்சான். கூரியர் ஆபீஸில் வேலை. ஃப்ளாஷ் வெடித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ரோஜாப்பூ ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கழுத்துச் சுருக்கம் தெரியாமல் எடுக்க முடியுமா என்று கேட்டார்.

"இந்த வீட்ல முன்னாடி ஒரு கிரெச் இருந்துச்சுல்ல? அந்தம்மா எங்க போச்சு?" என்றார் அவர், உதட்டுச்சாயத்தைச் சரிசெய்துகொண்டே.

"உள்ளதான் இருக்காங்க. என் அக்கா" என்றேன்.

உதட்டுச்சாயத்தை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு, "அப்படியா, விசாரிச்சதா சொல்லுங்க" என்றார். நான் அவரை அழகாக எடுத்துக் கொடுத்தேன். கழுத்துச் சுருக்கம் தெரியவில்லை. எல்லோரையும் அழகாகத்தான் எடுத்தேன். ஒவ்வொருவரும் என் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்குள் ஏதோ ஒன்று கெட்டியாகிக்கொண்டே வந்தது. ஆனால் நான் தேடியது இவர்களை இல்லை. இவர்கள் பின்னால் வந்து கல்லெறிந்தவர்கள். முதலில் எறிந்தவன் வேண்டும். படம் எடுக்கும்போது மனிதர்கள் பேசிவிடுவார்கள், காத்திருந்தால் போதும்.

அவர் தானாகவே வந்தார். பஸ் டிரைவர். எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்தவர். ஓடி வருகிறவர்களுக்காக வண்டியை நிறுத்தி வைப்பவர். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண்குழந்தையும் அக்காவிடம் இருந்ததுதான். வீட்டுக்குள் வந்ததும் ஏனோ அதற்குப் பிடிக்கவில்லை. தடுப்புக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் உட்கார்ந்ததும் சொன்னார். "தம்பி, போட்டோவுக்காக வரல. நேர்ல சொல்லணும்னு வந்தேன். அந்த நலம்விரும்பி நான்தான்."

நான் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சரிசெய்து முடித்தேன்.

"எழுதினதுக்கு மன்னிப்புக் கேக்க வரல. பேர மறைச்சு எழுதினதுக்குத்தான் கேக்கறேன். அது கோழைத்தனம். ஜனங்க இப்படிப் பாய்வாங்கன்னு நெனைக்கல. ஆனா நான் பாத்தது பாத்ததுதான் தம்பி. பாப்பாவக் கூட்டிட்டுப் போக வந்தப்ப அந்தத் தையல்காரம்மா பையன் மூலையில உக்காந்திருந்தான். வாய்ல டேப்பு ஒட்டியிருந்துச்சு. கண்ணு ரெண்டும் பிதுங்கி, மூச்சு விட முடியாம... என்னால சும்மா இருக்க முடியல."

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உங்க அக்காவ ஜெயிலுக்கு அனுப்ப மனசு வரல. எல்லாருக்கும் சேத்து எச்சரிச்சா போதும்னு நெனைச்சேன். தப்பாப் போச்சு."

பார்த்தீர்களா, எவ்வளவு நல்லவர். எனக்கு அந்த நல்லதனம்தான் தாங்கவில்லை. புலியைப்போல ஒளிந்துகொண்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேரே, எழுதியது சரிதான் என்கிறார்.

அந்த டேப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதைப் பெரிதுபடுத்திவிட்டார்கள். பின்திரையை ஒட்ட நான் வைத்திருக்கும் காகித டேப் அது. தோலை உரிக்காது. முன்னறையில் ஒரு குடும்பத்தைச் சிரிக்கவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அந்தப் பையன் விடாமல் கத்தினான். அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். நான்தான் கிழித்துக் கொடுத்தேன். சத்தம் நின்றது. படம் நன்றாக வந்தது.

டிரைவரை நிறைய எடுத்தேன். ஒன்றில் பேத்தி அவர் கன்னத்தோடு கன்னம் வைத்திருக்கும், நீங்கள் செய்தித்தாளில் பார்த்தது அது. பிறகு குழந்தை இறங்க வேண்டும் என்று திமிறியது. அவர் மணிக்கட்டைப் பிடித்தார், குழந்தை வாயைத் திறந்து அழுதது. பக்கவாட்டு விளக்கு மட்டும் எரிந்ததால் அவர் முகத்தில் பாதி இருட்டாக இருந்தது. அதையும் எடுத்தேன். அப்போது எதற்கென்று யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

போகும்போது அவரே சொன்னார், ஞாயிறானால் பேத்தியோடு வேறு தடத்துப் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இருக்கும் பூங்காவுக்குப் போவேன், அங்கே ஊஞ்சல் பெரிது என்று. அங்கே அவரை யாருக்கும் தெரியாது என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவர் போன பிறகு அக்கா கதவருகே வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"விட்டுடுடா" என்றாள். "அவர் பொய் சொல்லல."

"நீ ஒரு தப்பும் பண்ணல" என்றேன்.

"நான் பண்ணினது எனக்குத் தெரியும்டா. நீ எனக்காகக் கோவப்படாத." அவள் கையில் மடித்த துண்டு ஒன்று இருந்தது. அவளையே அவளுக்கு எதிராகப் பேசவைத்துவிட்டார்கள், பாருங்கள். அன்றுதான் முடிவு செய்தேன்.

பூங்கா இருக்கும் பகுதிக்கும் ஒரு குழு உண்டு. அதில் ஒரு சூரியகாந்திப் படத்தை வைத்துக்கொண்டு சேர்ந்தேன். அந்தப் பாதி இருட்டுப் படத்தைப் போட்டு எழுதினேன். 'இந்த ஆள் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பூங்காவுக்கு வருகிறார். குழந்தை அழுவதைப் பாருங்கள். இது இவர் பெற்ற குழந்தை இல்லை. நம் பிள்ளைகள் பத்திரம்.' இதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை, மேடம். அவர் தாத்தா. அவர் பெற்ற குழந்தை இல்லைதானே. மற்றதை அங்கிருந்த புலிகளும் ரோஜாப்பூக்களும் எழுதிக்கொண்டார்கள். கடத்தல்காரன் என்ற சொல்லை நான் பயன்படுத்தவே இல்லை. எனக்குப் பிறகு வந்த யாரோ ஒருவர் எழுதினார், அப்புறம் எல்லோரும் அதையே எழுதினார்கள். நான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஆட்கள்தான் வேறு, வார்த்தைகள் அக்காவைப் பற்றி எழுதிய அதே வார்த்தைகள்.

அவர் இறந்த பிறகு எங்கள் குழுவில் எல்லோரும் அழுதார்கள். இரங்கல் பலகைக்கு நல்ல படம் வேண்டும் என்று ரோஜாப்பூ என்னைத்தான் கேட்டார். கன்னத்தோடு கன்னம் வைத்த படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று இதுவரை நீங்கள் கேட்கவில்லை. வீட்டில் இருந்தேன் என்று நினைத்துவிட்டீர்கள். பூங்காவில்தான் இருந்தேன், கேமராவோடு.

ஊஞ்சலுக்குப் பக்கத்தில் அவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். ஒரு பெண்மணி குழந்தையைப் பிடுங்கித் தூக்கி வைத்திருந்தாள். அது "தாத்தா தாத்தா" என்று அவரை நோக்கிக் கையை நீட்டியது. அதைக் கேட்டதும் கூட்டம் கொஞ்சம் தயங்கியது. ஒரு பெரியவர், "இருங்கப்பா, பேத்தியா இருக்கப்போகுது, விசாரிப்போம்" என்றார். சிலர் கையை இறக்கினார்கள். அடையாள அட்டையை எடுக்கத்தான் டிரைவர் சட்டைப்பையைத் தடவினார். அப்போது என்னைப் பார்த்துவிட்டார். அந்த முகத்தில் வந்த நிம்மதியை நான் எத்தனையோ வருஷமாக யார் முகத்திலும் எடுத்ததில்லை.

"தம்பி" என்றார். "நல்லவேள வந்தீங்க. நீங்க சொல்லுங்க தம்பி, நான் யாருன்னு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பெரியவர்தான் கேட்டார், "சார், உங்களுக்கு இந்த ஆளத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

அதுவரை யாரும் அவர் மேல் கை வைத்திருக்கவில்லை, மேடம்.