துண்டைக் குடையென்று விற்காதீர்கள்

இல்லை, தலைவர் அவர்களே, சுருக்கமாக முடிக்க முடியாது. சுருக்கமாகச் சொல்லிச் சொல்லித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம். செயற்குழுவில் சுருக்கமாகச் சொன்னேன்; தேநீர் குடித்தீர்கள். கலவை அறை வாசலில் சுருக்கமாகச் சொன்னேன், தலையை ஆட்டினீர்கள். இன்று ஒலிவாங்கி என் கையில் இருக்கிறது. விரிவாகவே சொல்கிறேன்.

அவையை மணியடித்தே ஆளும் தலைவர் அவர்களே. கூட்டம் நடத்த இந்தக் கூடத்தைக் கொடுத்த பெரியோர்களே. இலை கிள்ளி, தோல் உலர்த்தி, விதை இடித்து விரல் கறுத்த தாய்மார்களே. சாலையிலும் சாரத்திலும் மொட்டை மாடியிலும் சூரியனைத் தலையில் சுமந்து சம்பாதிக்கும் தோழர்களே, தோழிகளே. வந்ததும் வராததுமாக நாற்காலியை ஜன்னல் வெயிலிலிருந்து நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்ட அறிவாளிகளே, உங்களை இன்று தனியாக மதிக்கிறேன். மூன்றாம் வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் அண்ணி அவர்களே. அனைவருக்கும் வணக்கம்.

என்னை எதற்கு மேடையேற்றினார்கள்? நம் மகளிர் சங்கத்தின் பச்சைக் க்ரீமுக்குப் புதிய விளம்பரப் பலகை. இதோ, என் முதுகுக்குப் பின்னால், துணி போர்த்தி நிற்கிறது. நான் கயிற்றை இழுக்க வேண்டும். துணி விழ வேண்டும். நீங்கள் கைதட்ட வேண்டும். துணிக்கு அடியில் இருப்பது எனக்குத் தெரியும். பெயின்டர் எழுதும்போதே பார்த்துவிட்டேன். ‘பச்சையைப் பூசுங்கள், குடையை வீசுங்கள்.’

இப்போதே கைதட்டுகிறீர்கள். பூசுங்கள், வீசுங்கள். எதுகை சரியாக இருக்கிறது. சொன்ன சேதிதான் பொய்.

பொருளாளர் அம்மா புருவத்தைத் தூக்குகிறார். அம்மா, க்ரீமைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அதைக் கலக்குகிறவளே நான்தான். வேதியியல் படித்துவிட்டு, இரண்டு அடுப்பும் ஒரு தராசும் இருக்கிற அறையில், தேயிலையோடும் மாதுளைத் தோலோடும் திராட்சை விதையோடும் மல்லுக்கட்டுகிறவள். ஒரு சொட்டு எண்ணெய் கூடினால் எனக்குச் சோறு இறங்காது. அந்த க்ரீமில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பெருமை வேறு, புளுகு வேறு.

வெயில் தோலுக்குள் புகுந்து என்ன செய்கிறது? ஒன்றை உடைக்கிறது. உடைந்தது பக்கத்தில் இருப்பதை இடிக்கிறது. அது அடுத்ததை இடிக்கிறது. பேருந்தில் ஒருவர் சாய்ந்தால் கடைசி ஆள்வரை சாய்கிறோமே, அப்படி. செடிக்கு ஓட முடியாது. பிறந்த இடத்திலேயே வெயிலில் நிற்க வேண்டும். ஆகவே அந்த இடிபாட்டை நடுவில் புகுந்து நிறுத்தும் சரக்கைத் தனக்குள்ளேயே தயாரித்து வைத்திருக்கிறது. குப்பியில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று பெரிய எழுத்தில் போடுகிறோமே, அதுதான். அதை எடுத்து நம் தோலில் தடவிக்கொள்கிறோம். உதவுகிறது. கொஞ்சம் உதவுகிறது. தாய்மார்களே, இந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லை விளம்பரப் பலகையில் எழுத ஏன் யாருக்குமே கை வரவில்லை?

மழையில் நனைந்தவருக்குத் துண்டு கொடுத்தால் தலை துவட்டிக்கொள்வார். துண்டு நல்லது. துண்டு தேவை. ஆனால் துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அடைமழையில் நடப்பீர்களா? நாம் துண்டு விற்கிறோம். குடை என்று சொல்லி விற்கிறோம்.

பின்னால் ஒரு குரல். “அப்புறம் எதுக்கும்மா விக்கறீங்க?” நல்ல கேள்வி, ஐயா. துண்டு வேண்டாம் என்று யார் சொன்னது? முதலில் நிழல். நிழல் இல்லையென்றால் தொப்பி, உடம்பை மூடும் சட்டை, மூடாத இடத்தில் சன்ஸ்கிரீன். இத்தனைக்கும் பிறகு, கூடுதலாக, நம் பச்சைக் குப்பி. “அவ்வளவுதானா?” அவ்வளவுதான், ஐயா. அவ்வளவாவது உண்மையாக இருக்கட்டும்.

அந்த அவ்வளவையும் நாம் வைத்திருக்கும் லட்சணத்தைக் கேளுங்கள். நம் கடையின் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. விடிந்தால் வெயில் வந்து கண்ணாடியில் குடித்தனம் நடத்தும். அந்த ஜன்னலில், பளபளவென்று கண்ணாடிக் குப்பிகளில், வெயிலிலிருந்து காப்பாற்றும் க்ரீமை வெயிலிலேயே அடுக்கி வைத்திருக்கிறோம். இந்தச் சரக்குக்கு வெளிச்சம் ஆகாது. காற்று ஆகாது. சூடு ஆகாது. உங்கள் தோலில் போராடிச் சாக வேண்டியது, அலமாரியிலேயே செத்துப் பழுப்பாகிறது.

தலைவரிடம் போனேன்.

“கறுப்புக் குப்பியில போடலாங்க.”

“உள்ள இருக்கறது தெரியலைன்னா யாரும்மா வாங்குவா? இது என்ன தார் டப்பாவா?”

“சரி, ஜன்னல்லேருந்தாவது எடுங்க.”

“எடுத்தா ஜன்னல் காலியா இருக்குமே.”

இப்படி ஒரு பதிலுக்கு எந்தக் கல்லூரியிலும் எனக்கு மறுமொழி கற்றுத் தரவில்லை. நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பொதி கட்டும் அறையில் பழுப்புக்கு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். பச்சைச் சாயம். வாடின இலைக்குப் பெயின்ட் அடித்தார்கள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தக் குப்பியைப் பூசிக்கொண்டு வந்து சிரிப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள்.

மணி அடிக்கிறார் தலைவர். அடியுங்கள். நான் இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

விஷயம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

என் அண்ணி சாலையில் வெள்ளைக்கோடு போடுகிறவர். நீங்கள் நேராக வண்டி ஓட்டுகிறீர்கள் என்றால் அவர் குனிந்து நடந்ததால்தான். கீழே தார் கொதிக்கும். மேலே வானம் கொதிக்கும். நடுவில் அண்ணி. முன்பெல்லாம் தலையில் அகலத் தொப்பி, அதற்கு அடியில் கழுத்தைச் சுற்றித் துணி. தூரத்தில் பார்த்தால் ஒரு கூடாரம் நடந்து வரும். எங்கள் வீட்டில் அவருக்குக் கூடாரம் என்றே பட்டப்பெயர்.

க்ரீம் வந்தது, இனிக் குடையே வேண்டாம் என்ற நம் விற்பனைப் பேச்சோடு. கூடாரம் காணாமல் போயிற்று.

“தொப்பி எங்க அண்ணி?”

“எதுக்குடி தொப்பி? அதான் பூசியிருக்கேனே.”

“பூசினாலும் போட்டுக்கணும்.”

“நல்லா இருக்கே கதை. என் நாத்தனார் செஞ்சதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, நானே மூடிக்கிட்டு நின்னா எவ நம்புவா? மேஸ்திரி சம்சாரம் என்னைப் பாத்துட்டுத்தான் வாங்கினா.”

கேட்டீர்களா? இது அறியாமை இல்லை. பிரியம். அறியாமையோடு வாதாடலாம். படம் போட்டுக் காட்டலாம். என்மேல் வைத்த பிரியத்தால் வெயிலில் வெறுந்தலையாக நிற்கிறவரிடம் எதைக் காட்டி வாதாடுவேன்?

அவர் காதுக்குக் கீழே ஒரு புண். நீண்ட நாளாக ஆறவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனேன். ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் இனி வெயில் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார் மருத்துவர். அண்ணி பவ்வியமாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்தார். பையிலிருந்து நம் குப்பியை எடுத்தார். ஒரு விரல் அள்ளி, போட்டிருந்த கட்டைத் தூக்கி, புண்ணின்மேல் அப்பிக்கொண்டார். வெறுந்தலையோடு வேலைக்குக் கிளம்பினார்.

“அண்ணி, டாக்டர் இப்பத்தானே சொன்னார்?”

“வெயில் படக்கூடாதுன்னுதானே சொன்னார்? படாது. பெரிய பலகையே வைக்கப் போறாங்களாம்ல, குடையே வேணாம்னு.”

தலைவர் அவர்களே, இப்போதும் மணியடிப்பீர்களா?

அண்ணி ஏதோ சொல்கிறார். சத்தமாகவே சொல்லுங்கள் அண்ணி, எல்லோருக்கும் கேட்கட்டும். “வீட்டு விஷயத்தை மேடையில பேசாத. இறங்கு.”

வீட்டில் பேசினேன், அண்ணி. சோறு போடும்போது பேசினேன். குழம்பு ஊற்றி வாயை அடைத்தீர்கள். துணி மடிக்கும்போது பேசினேன். நீ செஞ்சதை நீயே நம்பலையா என்று என்னையே மடக்கினீர்கள். நம்புகிறேன், அண்ணி. அது என்ன செய்யும் என்பதை நம்புகிறேன். என்ன செய்யாது என்பதை அதைவிட அதிகமாக நம்புகிறேன். கலக்குகிறவளுக்கு இரண்டும் தெரிய வேண்டும். விற்கிறவர்களுக்கு ஒன்று போதும் போலிருக்கிறது.

யார் அவர் தொப்பியைக் கழற்றியது? வெயிலா? வெயில் ஒளித்து எதையும் செய்வதில்லை. காலையிலிருந்து எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. வறுமையா? தொப்பி வீட்டில் ஆணியில் தொங்குகிறது. மடமையா? அவரைவிட நேராகக் கோடு போட இந்தக் கூடத்தில் ஆள் இல்லை. கழற்றியது நம் வாக்கியம். நாம் எழுதிய வாக்கியம். நாம் எதுகை பார்த்து, மோனை பார்த்து, மை காய்ந்ததா என்றுகூடப் பார்த்து, மெய்யா என்று மட்டும் பார்க்காமல் விட்ட வாக்கியம்.

சாரத்தில் நிற்கிறவரே, உங்கள் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். தபால் கொண்டு போகிறவரே, உங்கள் முன்கையைத் திருப்பிப் பாருங்கள். மொட்டை மாடியில் தார் பூசுகிறவரே, உங்கள் காது நுனியைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். அந்தத் தோலுக்கு வேறு தோல் கிடையாது. எந்தச் சங்கமும் அதைத் தயாரிப்பதில்லை. அதைப் பணயம் வைத்து என் க்ரீம் விற்க வேண்டாம். விற்காமல் போனால் போகட்டும். மூடிக்கொள்ளுங்கள். மூடிக்கொண்டு பூசுங்கள். பூசியதால் திறந்து போடாதீர்கள்.

இந்தக் கயிற்றை நான் இழுக்க மாட்டேன். பலகை மாறும்வரை கலவை அறைக்குள் கால் வைக்க மாட்டேன். தலைவர் இழுப்பதானால் இழுக்கட்டும். இழுத்த கையோடு மூன்றாம் வரிசைக்குப் போய், என் அண்ணியின் காதுக்குக் கீழே இருக்கும் கட்டைத் தூக்கிப் பார்த்து, அந்த வரியை ஒருமுறை உரக்கப் படிக்கட்டும்.

தலைவர் கயிற்றைப் பார்க்கிறார். எழுந்திருக்கவில்லை. நன்றி, தலைவர் அவர்களே. என் பேச்சுக்கு நீங்கள் செய்த முதல் மரியாதை இதுதான்.

அண்ணி எழுந்துவிட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டதாம். போகிறார். தலையில் ஒன்றும் இல்லை.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டவர்களுக்கும் நன்றி. கோபம் வந்ததென்றால் காதில் விழுந்திருக்கிறது. மீதியை நான் வாசலில் பேசிக்கொள்கிறேன். வணக்கம்.

பேசியவர் ஒலிவாங்கியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி, வாசலில் அண்ணியை எட்டிப் பிடித்து, புண் இருந்த பக்கமாக, வெயிலுக்கும் அண்ணிக்கும் நடுவில், வேலை வண்டி நிற்கும் இடம்வரை கூடவே நடந்தார்.